வேற்றுக்கோளில் போர் நடத்தும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

கடலூரிலும் புதுச்சேரியிலும் இருந்துகொண்டு வேற்றுக்கோள் கதை எழுதுகிற பிள்ளைகளுக்கு,

வணக்கம். போட்டிக்கு வந்த உங்கள் கதைகளை முதல் சுற்றில் படித்தவர்களில் நானும் ஒருத்தி. பரிசு யாருக்கு என்று முடிவு செய்கிறவர்கள் வேறு ஆட்கள், அந்தப் பேச்சு இங்கே இல்லை. கதைகளைப் பற்றி உங்கள் எல்லோரிடமும் ஒரே நேரத்தில் பேச வேண்டும் என்று தோன்றியது, அதனால்தான் தனித்தனியாக எழுதாமல் பொதுவில் எழுதுகிறேன். நேராகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கதைகளில் போர் இருக்கிறது. போர் நடக்கிற கோள்தான் இல்லை.

பெரும்பாலான கதைகளில் நடப்பது இதுதான். எங்கோ ஒரு கோள், வாயில் நுழையாத பெயர். அங்கே இரண்டு இனங்கள். ஒன்று நீல நிறம், மெலிந்த உடம்பு, பாட்டு, அமைதி. மற்றது கொம்பு, கோரைப்பல், சேறு, உறுமல். ஆயிரம் ஆண்டுகளாகச் சண்டை. எதற்குச் சண்டை என்று தேடினால், கொம்பு இனம் கெட்ட இனம் என்பதைத் தவிர வேறு காரணம் அகப்படவில்லை. அப்புறம் பூமியிலிருந்து ஒரு விண்கலம் வருகிறது, அதில் ஒரு கேப்டன், அவர் தமிழர் (அது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்), அவர் இறங்கிய மூன்றாவது பக்கத்தில் நீல இனத்துக்குத் தலைவராகி, ஆறாவது பக்கத்தில் கொம்பு இனத்தை அடியோடு ஒழித்து, எட்டாவது பக்கத்தில் எல்லோரும் கையசைக்க வீடு திரும்புகிறார். ஒரு இனமே அழிந்திருக்கிறது, அதற்காகக் கதையில் யாரும் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. எனக்கு நெஞ்சு அடைத்தது.

இது உங்கள் குற்றம் என்று சொல்ல மாட்டேன். இந்த அச்சு நூறு ஆண்டுகளுக்கும் மேல் பழையது. 1877-இல் இத்தாலிய வானியலாளர் ஸ்கியாபரெல்லி செவ்வாயின் மேல் கோடுகள் தெரிவதாகச் சொன்னார். அமெரிக்காவில் பெர்சிவல் லோவெல் ஒரு படி மேலே போய், அவை கால்வாய்கள், வறண்டுகொண்டே போகிற ஒரு கோளில் துருவப் பனியின் தண்ணீரை ஊர்களுக்குக் கொண்டுவர அங்குள்ளவர்கள் வெட்டியவை என்று புத்தகங்களே எழுதினார். அதை நம்பித்தான் 1912 வாக்கில் அமெரிக்கப் பத்திரிகைத் தொடர்களில், பூமியிலிருந்து போன ஒரு வீரர் செவ்வாயின் பச்சை இனத்துக்கும் சிவப்பு இனத்துக்கும் நடுவில் வாள் சுழற்றினார். 1965-இல் மரினர் 4 என்ற விண்கலம் செவ்வாயின் பக்கத்தில் பறந்து படம் எடுத்து அனுப்பியது. பள்ளம் பள்ளமாக வெறும் தரை, கால்வாய் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் காலத்துக் கதைக்காரர்கள் ஒரு வேலையைச் செய்திருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். அன்றைய அறிவியல் காட்டிய வறண்ட கோளை எடுத்து, தண்ணீரும் காற்றும் குறைந்தால் அங்கே யார் யாரோடு மோதுவார்கள் என்று யோசித்தார்கள். கோளிலிருந்து போர் வந்தது. நீங்கள் அந்த வீரரை மட்டும் எடுத்துக்கொண்டு கோளைக் கீழே போட்டுவிட்டீர்கள்.

இத்தனைக்கும் அவர்களிடம் இருந்தது ஒரு செவ்வாய். உங்களிடம் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. சூரியனைப் போன்ற இன்னொரு விண்மீனைச் சுற்றும் கோளை 1995-இல் மேயரும் கெலோவும் கண்டுபிடித்தார்கள், 2019-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. இப்படி வேறு விண்மீன்களைச் சுற்றுகிற புறக்கோள்களில் இன்று உறுதி செய்யப்பட்டவை ஐந்தாயிரத்துக்கும் மேல். அதில் நமக்கு மிக அருகில் உள்ளது 2016-இல் அறிவிக்கப்பட்ட பிராக்சிமா செண்டாரி பி, 4.24 ஒளியாண்டு தூரம், அதன் ஓர் ஆண்டு நம் கணக்கில் 11 நாள் சொச்சம். இது மாதிரி சிவப்புக் குறுவிண்மீனை (நம் சூரியனைவிடச் சிறிய, மங்கலான விண்மீன்) ஒட்டிச் சுற்றும் கோள்கள், நிலா நமக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டுவதுபோல, தம் சூரியனுக்கு ஒரே முகத்தைக் காட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஒரு பாதி ஓயாத பகல், ஒரு பாதி ஓயாத இரவு, நடுவில் ஒரு வளையம் மட்டும் என்றைக்கும் அந்தி.

இந்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். சூரியன் நகராது. விடியல் கிடையாது, நாள் என்ற கணக்கே கிடையாது. அங்கே ஒருத்தி இன்னொருத்தியிடம் எப்படி நேரம் குறித்துச் சந்திப்பாள்? பகல் பக்கத்தில் ஆவியாகிற நீர் இரவுப் பக்கத்துக்குப் போய் உறைந்து அங்கேயே தங்கிவிடும். அந்தப் பனி மலையாகக் குவிந்து, தன் எடையிலேயே மெல்ல நகர்ந்து, அந்தி வளையத்தின் ஓரத்துக்கு வந்து உருகும். அப்படியானால் அந்த உலகத்தின் எல்லா ஆறும் இருட்டிலிருந்துதான் பிறக்கிறது. தரையோடு வீசுகிற குளிர்காற்றும் இருட்டிலிருந்து வெளிச்சத்தை நோக்கித்தான் வரும், எப்போதும் ஒரே திசை. அங்கே வீட்டுக்கு வாசல் எந்தப் பக்கம் வைப்பார்கள், செத்தவர்களை எந்தத் திசையில் கொண்டுபோவார்கள், சாமி எங்கே இருக்கும்? சிவப்பு விண்மீனின் மங்கல் வெளிச்சத்தை விடாமல் குடிக்க அங்கே செடிகள் கறுப்பாகவே இருக்கலாம் என்று சொல்கிற ஆய்வாளர்கள் உண்டு. கறுப்பு வயல், சிவப்பு வானம்.

இப்போது இரண்டு இனங்களைக் கொண்டுவாருங்கள். ஒன்று பனி ஓரத்தில், பனிக்குள்ளேயே அறை குடைந்து வாழ்கிறது. பனிதான் அதற்கு வீடு, பிள்ளை வளர்க்கும் தொட்டில், முன்னோர் எலும்பு இருக்கிற இடம். மற்றது ஆறு போய்ச் சேருகிற வெயில் ஓரத்தில் கறுப்புப் பயிர் செய்கிறது. மக்கள் பெருகப் பெருக வெயில் ஓரத்துக்குத் தண்ணீர் போதவில்லை. பனியின் மேல் கரி படிந்தால் அது வெளிச்சத்தை உறிஞ்சிச் சீக்கிரம் உருகும். நம் இமயமலைப் பனியாறுகளில் புகைக்கரி படிந்து நடப்பது இதுதான். சரி, வெயில் ஓரத்தார் இரகசியமாக மேலே போய்ப் பனியின் மேல் கரித்தூள் தூவுகிறார்கள். ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது, பயிர் பிழைக்கிறது, பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். மேலே ஒரு ஊரே பள்ளத்தில் சரிகிறது.

இதில் யார் கெட்ட இனம், சொல்லுங்கள்? கொம்பை யாருக்கு வைப்பீர்கள்? நீங்கள் கடைமடைப் பிள்ளைகள். தென்பெண்ணையில் மேலே தண்ணீர் நிறுத்தினால் காய்கிறவர்களும் நாம்தான், 2024 டிசம்பரில் பார்த்தோமே, மேலே அணையைத் திறந்துவிட்டால் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறவர்களும் நாம்தான். ஆற்றின் கடைசியில் வாழ்கிறவர்களின் கோபம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை ஏன் உங்கள் கோளில் காணவில்லை?

இதற்கு நீங்கள் வெளியே எங்கும் போக வேண்டாம். பள்ளிக்கூடத்தில் தொல்காப்பியத்திலிருந்து முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று படித்தீர்கள், தேர்வுக்காகப் படித்து அதோடு விட்டுவிட்டீர்கள். முதலில் நிலமும் பொழுதும். பிறகு அந்த நிலத்தில் விளைகிற உணவு, மரம், பறவை, விலங்கு, தொழில், பறை, தெய்வம். அதற்குப் பிறகுதான் அங்கே இருப்பவர்களின் மனம். கோள் ஒன்றைக் கட்ட இதைவிட நல்ல வரிசை எனக்குத் தெரியவில்லை. போருக்கும் அப்படியே. வெட்சியில் தொடங்குகிறது, பசுக்கூட்டத்தைக் கவர்ந்துபோவதில். பிறகு படையெடுப்பு வஞ்சி, கோட்டை முற்றுகை உழிஞை, நேருக்கு நேர் களம் தும்பை, வெற்றி வாகை. போருக்குப் படிகள் உண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு பூ உண்டு, கடைசியில் நிலையாமை பேசுகிற காஞ்சியும் உண்டு. உங்கள் கோள்களில் எல்லாமே தும்பையில் தொடங்கித் தும்பையில் முடிகிறது. அந்தப் பசுக்கூட்டம் எது என்று முதலில் சொல்லுங்கள்.

நான் விலங்கியல் பாடம் எடுப்பவள், அதனால் இனங்கள் என்ற பேச்சு வந்தால் என்னால் சும்மா இருக்க முடியாது. 1934-இல் கவுஸ் என்ற ரஷ்ய அறிவியலாளர் கண்ணாடிக் குழாயில் பாரமீசியம் என்ற ஒற்றைச்செல் உயிரியை வளர்த்தார். ஒரே உணவு, ஒரே இடம் என்று இரண்டு வகைகளை ஒன்றாக விட்டபோது ஒன்று மட்டும் பிழைத்தது, மற்றது காணாமல் போனது. வேறொரு ஜோடியை விட்டபோது இரண்டுமே பிழைத்தன, ஏனென்றால் ஒன்று குழாயின் மேல்பகுதியிலும் மற்றது அடியிலும் தின்று பழகிக்கொண்டது. ஆக, ஒரே மாதிரி வாழ்கிற இரண்டு இனங்கள் ஆயிரம் ஆண்டு சண்டை போட்டுக்கொண்டே இருக்க முடியாது. ஒன்று எப்போதோ முடிந்திருக்கும். ஆயிரம் ஆண்டு இரண்டும் இருக்கின்றன என்றால் அவை வேறு வேறு இடத்தில், வேறு வேறு சாப்பாட்டில் வாழ்கின்றன, எங்கோ ஒரு ஓரத்தில் மட்டும் இடித்துக்கொள்கின்றன. அந்த ஓரம்தான் உங்கள் கதை. பிச்சாவரத்துக்குப் படகில் போயிருப்பீர்கள். ஓடையை ஒட்டி முட்டுவேர் ஊன்றி நிற்பது சுரபுன்னை, அதற்குப் பின்னால் தரையிலிருந்து மூச்சுவேர்களை நீட்டிக்கொண்டு நிற்பது வெண்கண்டல். ஒன்று வேரிலேயே உப்பை வடிகட்டுகிறது, மற்றது உள்ளே எடுத்து இலை வழியாக வெளியே தள்ளுகிறது. அதே சேறு, அதே உப்புத்தண்ணீர், இரண்டு வழி. அடுத்த முறை போகும்போது செல்ஃபி எடுத்தபிறகாவது அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லையைத் தேடிப் பாருங்கள்.

மனிதர்களிடமே பாருங்கள். நம் கடற்கரைக் குப்பங்களில் சுருக்குமடி வலையால் எத்தனை சண்டை நடந்திருக்கிறது. சுருக்குமடி போடுகிறவர் மத்திக் கூட்டத்தையும் கானாங்கெளுத்திக் கூட்டத்தையும் ஒரே வளைப்பில் அள்ளிவிடுகிறார், அதே மீனை நம்பிச் சின்ன வலையோடு ஃபைபர் படகில் போனவர் வெறுங்கையோடு திரும்புகிறார். தமிழ்நாட்டில் 2000-இல் தடை போட்டார்கள், 2023-இல் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் என்று இடைக்கால அனுமதி கொடுத்தது, ஊருக்குள் பேச்சு இன்னும் ஓயவில்லை. ஒரே கடல், ஒரே மாரியம்மன், கொடுத்து எடுத்த சொந்தம், இருந்தும் கல்லும் கம்பும் பறந்திருக்கின்றன. பெரிய வலைக்காரர் வீட்டில் கடன் இருக்கிறது, சின்ன வலைக்காரர் வீட்டில் பசி இருக்கிறது. கோட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிக் கூட்டம் போடுவார்கள், இரண்டு பக்கத்துப் பஞ்சாயத்தாரும் முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். உங்கள் கதைகளில் ஒன்றிலாவது அப்படி ஒரு அமைதிக் கூட்டம் வந்திருந்தால் நான் எழுந்து கை தட்டியிருப்பேன்.

இப்போது அந்தக் கேப்டன் விஷயம். இதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

தூரத்திலிருந்து கப்பலில் வந்து, உள்ளூர்ச் சண்டையில் ஒரு பக்கம் சேர்ந்து, நாட்டைக் கையில் எடுத்துக்கொண்டவர்களை நம்மைவிட நன்றாக யார் அறிவார்? நீங்கள் நடக்கிற தெருவிலேயே நடந்த கதை அது. 1760-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோது உள்ளே உணவு தீரத் தொடங்கியது. நவம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி உள்ளூர் மக்களை ஊரைவிட்டு வெளியேற்றினார். வெளியே நின்ற ஆங்கிலேயர் படை அவர்களைக் கடந்துபோக விடாமல் திருப்பி விரட்டியது. ஆண், பெண், குழந்தை என்று குடும்பம் குடும்பமாக இரண்டு படைகளுக்கும் நடுவிலே வெட்டவெளியில் பல நாள் கிடந்தார்கள். 1761 ஜனவரியில் ஊர் விழுந்தது, பிறகு ஆங்கிலேயர் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

கடலூரில் 1783. ஊருக்குள் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை, வெளியே ஸ்டூவர்ட்டின் ஆங்கிலேயப் படை. ஜூன் 13 அன்று நிலத்தில் பெரும் உயிர்ச்சேதம், 20 அன்று கடலில் சுஃப்ரானின் பிரெஞ்சுக் கப்பல்களும் ஹியூஸின் ஆங்கிலேயக் கப்பல்களும் மோதின. ஐரோப்பாவில் அவர்களுடைய அரசுகள் சமாதானத்துக்கான முதல் ஒப்பந்தத்தில் ஜனவரியிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தன. செய்தி கப்பலில் வந்து சேர ஜூன் கடைசி ஆகிவிட்டது. முடிந்துபோன போருக்காக இங்கே ஆயிரக்கணக்கில் விழுந்தார்கள். அந்தச் சண்டையின் வேர் அமெரிக்க விடுதலைப் போரில் இருந்தது. கெடிலக் கரையில் பயிர் வைத்திருந்தவருக்கு அமெரிக்கா எந்தத் திசை என்று தெரிந்திருக்க நியாயமே இல்லை.

பிராக்சிமாவுக்கு ஒரு செய்தி ஒளியின் வேகத்தில் போகவே நாலு வருடத்துக்கு மேல் ஆகும். உங்கள் கேப்டன் அங்கே சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது பூமியில் அவரை அனுப்பிய அரசே இருக்கிறதா என்பது அவருக்குத் தெரியாது. இந்த 1783-ஐ அப்படியே விண்வெளிக்குக் கொண்டுபோக நம் ஊர்ப் பிள்ளைகளைத் தவிர யாருக்கு உரிமை இருக்கிறது? அதை விட்டுவிட்டு நீங்கள் கப்பலில் வந்து இறங்குகிறவரின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு கதை சொல்கிறீர்கள். அவர் பெயர் தமிழ்ப் பெயர் என்பதால் மட்டும் அந்தக் கோளில் இருப்பவர்களுக்கு அவர் வேறு ஆளாகிவிட மாட்டார்.

ஆளைத் தேடுகிறீர்களா, ஆனந்தரங்கப் பிள்ளையைப் பாருங்கள். புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேயின் துபாஷ், அதாவது இரண்டு மொழிக்கும் நடுவில் நின்று பேசுகிறவர், 1736-இலிருந்து தன் வாழ்நாள் கடைசி வரைக்கும் நாட்குறிப்பு எழுதினார், அதுவும் தமிழில். வந்த கப்பல், சரக்கு, வதந்தி, கவர்னர் என்ன பேசினார், யார் யாரைப் பற்றி என்ன கோள் சொன்னார்கள், எல்லாம் அதில் இருக்கிறது. இரண்டு பக்கத்துப் பேச்சும் தெரிந்த ஆள், அதனாலேயே இரண்டு பக்கத்தாரும் முழுதாக நம்பாத ஆள். உங்கள் கோளில் கொம்பு இனத்தின் பேச்சை நீல இனத்துக்குச் சொல்கிற ஒரு துபாஷ் இருந்தால், அவர் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னால் ஒரு ஊர் பிழைக்கும் என்றால், அந்தக் கதையை எட்டுப் பக்கத்தில் உங்களால் முடிக்கவே முடியாது.

இன்னொன்று, பிறவியிலேயே கெட்ட இனம் என்பதை விட்டுவிடுங்கள். இது நயத்துக்காகச் சொல்வதில்லை, உண்மைக்காகச் சொல்கிறேன். இந்தப் பூமியிலேயே ஒரு காலத்தில் மனித இனங்கள் ஒன்றுக்கு மேல் இருந்தன. நியாண்டர்தால்கள் சுமார் 40,000 ஆண்டுகளுக்கு முன்பு மறைந்தார்கள். அவர்களை வெகுகாலம் குகை முரடர்களாகத்தான் படம் வரைந்தார்கள், உங்கள் கொம்பு இனத்தைப்போல. 2010-இல் ஸ்வாண்டே பாபோவின் குழு அவர்களுடைய மரபணுத்தொகுதியைப் படித்துப் பார்த்தபோது, ஆப்பிரிக்காவுக்கு வெளியே உள்ள நம் எல்லோர் உடம்பிலும் ஒரு சிறு பங்கு, ஏறக்குறைய 2 சதவீதம், அவர்களிடமிருந்து வந்தது என்று தெரிந்தது. பாபோவுக்கு 2022-இல் நோபல் கொடுத்தார்கள். அதாவது அந்த இரண்டு இனங்களும் சந்தித்துக்கொண்டபோது வெறும் ஈட்டி மட்டும் பேசவில்லை, எங்கோ ஒரு அம்மா ஒரு கலப்புப் பிள்ளையை வளர்த்திருக்கிறாள், அந்தப் பிள்ளையின் வழி நாம் வந்திருக்கிறோம். பிறப்பை வைத்து ஒரு கூட்டத்தையே அசுத்தம், முரடு என்று ஒதுக்குகிற பேச்சு நம் தெருக்களில் இன்றும் இருக்கிறது. அதே பேச்சை வேறு ஒரு சூரியனுக்குக் கீழேயும் கொண்டுபோய் நட வேண்டுமா?

உங்களில் ஒருவர் எழுதிய கதையில், சேற்றுக்குள் வாழ்கிற இனம் ஒன்று எதிரியின் காலடியைத் தரையின் அதிர்விலிருந்தே அடையாளம் கண்டு, "இது போன மழைக்கு வந்த பையன், இப்போது நொண்டுகிறான்" என்று பேசிக்கொள்ளும். அடுத்த பத்தியிலேயே கேப்டன் வந்து அந்த ஆளைச் சுட்டுவிடுகிறார். எழுதியவருக்குத் தான் எதைக் கண்டுபிடித்தோம் என்று தெரியவில்லை என்று நினைக்கிறேன். அந்தப் பத்தியை மட்டும் நான் பலமுறை படித்தேன். தயவுசெய்து கேப்டனை அழித்துவிட்டு அந்த நொண்டுகிற பையனோடு போங்கள், அவன் ஏன் திரும்பத் திரும்ப அந்தச் சேற்றுக்கு வருகிறான் என்று கண்டுபிடியுங்கள்.

மற்றவர்களும் திருத்தி எழுதுங்கள், போட்டி முடிந்தால் என்ன. எழுதும் முன்னால் உங்கள் கோளுக்கு ஒரு படம் போடுங்கள், நோட்டுத் தாளில் பென்சிலால் போட்டால் போதும்: தண்ணீர் எங்கே பிறக்கிறது, எங்கே போய்ச் சேர்கிறது, யார் எங்கே சாப்பிடுகிறார்கள், எந்த இடத்தில் இரண்டு பேரும் இடித்துக்கொள்கிறார்கள். படத்தையும் கதையோடு சேர்த்து அனுப்புங்கள். நான் படிக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதுகிறேன், எவ்வளவு நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. முதல் பக்கத்தில் கொம்பு இனத்துக்காரி ஒருத்தி பேசட்டும்.

அன்புடன்,
உங்கள் கதைகளைப் படித்த டீச்சர்,
கடலூர் முதுநகர்